ஈரத்துக்குக் காவல்

திறக்கக் கூடாது. காலையிலிருந்து இதை எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது, ஆனாலும் கை மூடியின் ஓரத்துக்குத்தான் போகிறது, விரட்ட விரட்ட வந்து உட்காரும் ஈ மாதிரி. கையைத் தொடைக்கு அடியில் வை சீனிச்சாமி. வைத்தாயிற்று. கால் மரத்துப்போகும், போகட்டும், ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டிய பஸ் ஒன்றும் எனக்கு இல்லை. தட்டுமுட்டுச் சாமான் போடுகிற இந்த அறையில் ஒரு ஆள் சப்பணம் போட்டு உட்காரத்தான் இடம் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பழைய குக்கர், கழுத்தொடிந்த ஃபேன், கல்யாணப் பாத்திரங்கள் கட்டிய சாக்கு. எதிரே மீன்காரரிடம் வாங்கிய தெர்மாகோல் பெட்டி, அதன் மூடியில் வெட்டிப் பதித்த கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் பல்பும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விசிறியும் வலைத்தட்டும், தட்டில் குருவம்மாளின் முட்டைகள். பெண்டாட்டியின் முட்டைகள் என்று சொன்னால் சிரிப்பு வருகிறது, கோழியின் முட்டைகள்தான், ஆனால் அந்தக் கோழி இப்போது இல்லை, ஆகவே அவளுடையவை. அவற்றில் ஒன்று நேற்றுச் சாயங்காலம் வாய் வைத்துவிட்டது. ஓட்டில் கம்பரிசி அளவுக்கு ஒரு தெறிப்பு, அதைச் சுற்றி மயிரிழை விரிசல். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. விடிந்து, பால்காரர் வந்து போய், இட்லி வெந்து, நான் தின்று கை கழுவி வந்து உட்கார்ந்தாயிற்று, தெறிப்பு தெறிப்பாகவே இருக்கிறது. இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் கண்ணாடி முழுக்க வேர்த்துக் கிடக்கிறது, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தெளிச்சல், அதன் வழியாக ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் தெறிப்பா, நீர்த்துளியின் நிழலா என்று பிடிபடவில்லை. மூடியைத் தூக்கி, தோள் துண்டால் ஒரே ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு மூடினால் என்ன, ஒரு மூச்சு நேரம்தானே. அந்த ஒரு மூச்சு நேரத்தில் உள்ளே இருக்கிற ஈரம் அத்தனையும் வெளியே வந்துவிடும். திறக்கக் கூடாது.

ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துவிட்டு அதற்குக் காவல் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் நான். தீப்பெட்டி ஆபீஸில், ஃபாக்டரியை இங்கே அப்படித்தான் சொல்வோம், என்னோடு வேலை பார்த்தவர்கள் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மீசை முளைத்த காலத்திலிருந்து ஆபீஸை இழுத்து மூடிய நாள் வரைக்கும் எனக்கு வேலை ஒன்றே ஒன்றுதான், ஈரத்தை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது. மருந்தில் முக்கி எடுத்த குச்சிகளைக் காயவைக்கிற அறை என் பொறுப்பு. ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால் கரிசல்காடு முழுக்கக் கையெடுத்துக் கும்பிடும், நான் ஒருத்தன் மட்டும் மழையை வைதுகொண்டு நிற்பேன். கதவிடுக்கில் சாக்கைத் திணிப்பேன், ஈரத்தலையோடு வருகிற பெண்பிள்ளைகளைத் தலை துவட்டிவிட்டு வா என்று வாசலிலேயே மறிப்பேன். ஒரு குச்சி நமுத்தால் ஒரு பெட்டிக்குக் கெட்ட பெயர், ஒரு பெட்டி நமுத்தால் கடைக்காரன் பண்டலையே திருப்பி அனுப்புவான். ஆபீஸை மூடியதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது, கந்தக வாடையும் முதலாளியின் வாயும் தொலைந்தது என்று தலைமுழுகிவிட்டேன். ஆனால் பழக்கம் என்னைத் தலைமுழுகவில்லை. வீட்டில் அப்பள டப்பாவை இரண்டு தடவை இறுக்குகிற ஆள் நான்தான். புதுச் செருப்பு வாங்கினால் செருப்பைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன், பெட்டிக்குள் கிடக்கும் சின்ன வெள்ளைப் பொட்டலத்தை எடுத்துப் பத்திரப்படுத்துவேன், ஈரம் உறிஞ்சுமே. அப்படிச் சேர்த்தது ஒரு டப்பா நிறைய இருந்தது. வேலை போனபின் ரேஷனுக்குப் போவது, கரண்ட் பில் கட்டுவது தவிர இந்த வீட்டில் எனக்கு ஒன்றுமில்லை. கோழி, முட்டை, குஞ்சு, விற்பனை எல்லாம் குருவம்மாளின் ராஜ்யம், அதற்குள் நான் கால் வைத்தால் தீவனத்தை மிதிக்காதீக என்பாள். அதனால்தான் இந்தப் பெட்டியையே செய்தேன். கோழி அடை படுக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நானே பொரித்துத் தருகிறேன் என்று மார் தட்டினேன். செல்போனில் படம் பார்த்துச் செய்தது, சூடு முப்பத்தேழரையில் இம்மி பிசகாமல் நின்றது. ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர் முப்பதுக்குக் கீழே போனபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமில்லை. படத்தில் அந்தத் தம்பி தண்ணீர்க் கிண்ணம் வைக்கச் சொல்லத்தான் செய்தான். பெட்டிக்குள் தண்ணீரா, யாரிடம் வந்து என்ன சொல்கிறாய் என்று அந்த இடத்தை ஓட்டிவிட்டேன். போதாததற்கு நாலு மூலைக்கும் நாலு வெள்ளைப் பொட்டலம் வைத்தேன்.

பொரிக்க வேண்டிய நாள் கடந்தும் ஒரு முட்டையும் வாய் திறக்கவில்லை. குருவம்மாள் வந்து ஒன்றை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள், அம்மி ஓரத்தில் தட்டினாள். உள்ளே முழுக் குஞ்சு. அலகு, நகம், மயிர் எல்லாம் வந்துவிட்ட குஞ்சு. முட்டையின் உள்தோல் காய்ந்து சுருங்கி, சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி அதன் உடம்போடு ஒட்டிப்போயிருந்தது, தலையைத் திருப்பக்கூட இடம் விடாமல். இன்னொன்று உடைத்தாள், அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கையில் எடுத்தவள் உடைக்காமல் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தாகத்துல செத்திருக்குக" என்றாள். மீதியை நான் உடைத்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு. வெள்ளைப் பொட்டலம் கதை தெருவெல்லாம் போய், எதிர்வீட்டு முத்துக்கனி, குஞ்சையெல்லாம் கருவாடு போட்டீகளாமே அண்ணாச்சி என்று ரேஷன் கடை வரிசையில் வைத்துக் கேட்டாள். சிரிப்பாய்ச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. ஆனால் திட்டும் சிரிப்பும் எனக்கு உறைக்கவில்லை, அந்த ஒரு சொல்தான், தாகத்துல. எல்லாம் வளர்ந்து, வெளியே வர மூக்கால் முட்டி, நா வறண்டு. மண்பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கும்போதெல்லாம் தொண்டையில் வந்து நிற்கும். அப்புறம் ஆனி மாதம் அவளுடைய மொட்டைக்கழுத்துக் கோழி மறுபடியும் அடை படுத்தது. கழுத்தில் ஒரு மயிர் கிடையாது, சிவப்பாக, பார்க்கச் சகிக்காது, ஆனால் அது போட்ட அளவுக்கு முட்டையும் பொரித்த அளவுக்குக் குஞ்சும் வேறு எந்தக் கோழியும் இந்தத் தெருவில் கண்டதில்லை, காக்காயைத் துரத்திக்கொண்டு கூரை வரைக்கும் பறக்கும், அதன் ரோஷம் குருவம்மாளின் ரோஷம் மாதிரியே இருக்கும். அடை படுத்த சில நாளிலேயே, பட்டப்பகலில், தண்ணீர் குடிக்க இறங்கிய நேரம் நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. வேலியோரம் இறகுதான் கிடந்தது. அடைக்கு வேறு கோழி இல்லை, முத்துக்கனி வீட்டுக் கோழி அப்போதுதான் குஞ்சோடு இறங்கியிருந்தது. நான் இந்த அறையில் பழைய வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது, நிமிர்ந்தால் குருவம்மாள், மடி நிறைய முட்டை, சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள், சூடு போகக் கூடாதென்று. கண் சிவந்திருந்தது. குந்தி உட்கார்ந்து பெட்டியைக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டாள், "பொட்டலமெல்லாம் வெளிய எடுத்தாச்சா?" ஆமாம் என்றேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து கொல்லைக் கூட்டுப் பக்கம் அவள் போகவில்லை, மிச்சக் கோழிகளுக்கு நான்தான் தீவனம் போடுகிறேன், மிதிக்காதீக என்று சொல்லக்கூட ஆள் இல்லை. இதுவும் செத்தால் அவள் என்னைத் திட்டமாட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

ஈரத்தை ஒரு ஆளாக மதித்துப் பழகினேன் இந்தத் தடவை. அது ஒன்றும் நான் நினைத்த மாதிரி முழு எதிரி இல்லை, முழு நண்பனும் இல்லை. முட்டை கொஞ்சம் காயத்தான் வேண்டும், காய்ந்தால்தான் அகன்ற முனையில் காற்றுக்கு இடம் கிடைக்கும், குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் விடும், தண்ணீரை அள்ளி ஊற்றினாலும் அது உள்ளேயே மூழ்கிச் சாகும். ஆக ஆரம்பத்தில் அளவோடு காயவேண்டும், கடைசி மூன்று நாள் நனைந்து கிடக்கவேண்டும். இருட்டில் டார்ச் அடித்து அந்தக் காற்றறை வளர்வதைப் பென்சிலால் ஓட்டில் கோடு போட்டுப் பார்த்தேன், பிள்ளை உயரத்தைச் சுவரில் கோடு போட்டுப் பார்ப்பார்களே, அப்படி. தண்ணீர் விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன், மீட்டர் சட்டை செய்யவில்லை. அதே தண்ணீரைத் தாம்பாளத்தில் பரப்பி, பழைய பனியனைக் கிழித்து நனைத்துப் போட்டேன், எண் சரசரவென்று ஏறியது. ஆழத்தில் ஒன்றுமில்லை, பரப்பில்தான் எல்லாம். ஆயுசு முழுக்க ஈரத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு இது தெரியாமல் போயிற்றே. தினமும் முட்டைகளைத் திருப்பிப் போட்டதைக் கடைசி மூன்று நாளுக்கு நிறுத்திய அன்று கடைசியாக மூடியை மூடினேன். அதற்கப்புறம் தண்ணீர் குறைந்தால் எப்படி ஊற்றுவது, திறக்கக் கூடாதே, யோசித்து யோசித்து மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற ட்யூப் ஒன்று வாங்கி வந்து, பெட்டியின் பக்கவாட்டில் துளைபோட்டு, தாம்பாளம் வரைக்கும் செருகி, மேலே ஆணியில் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கடைக்காரர் கேட்டார், முட்டைக்கு என்றேன், அவர் அப்புறம் பேசவில்லை. இப்போது மீட்டர் எழுபது காட்டுகிறது. எழுபது! காயவைக்கிற அறையில் எழுபது காட்டியிருந்தால் முதலாளி என்னை உரித்து உப்புத் தடவியிருப்பார். கண்ணாடியில் துளி துளியாகப் பூத்துக் கிடப்பதைப் பார்க்கும்போது இன்னமும் என் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்கிறது, துடை துடை என்று உள்ளே ஒருத்தன் கத்துகிறான். அவன் வாயைப் பொத்தி வைத்திருக்கிறேன். பெட்டியில் காதை வைக்கிறேன். விசிறி ஓடுகிற சத்தம். நேற்று வாய் வைத்ததும் கீ என்று ஒரு குரல் கேட்டது, விடியக்காலையில் ஒரு தடவை கேட்டது, அதற்கப்புறம் விசிறிதான் ஓடுகிறது.

குருவம்மாள் வருகிறாள். முழங்கால் வலி வந்ததிலிருந்து ஒரு கால் கனத்தும் ஒரு கால் மெலிந்தும் விழும், திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். வாசல்படிக்கு வெளியேயே நின்றுகொண்டு, இன்னும் அப்படியேதான் இருக்கா என்று கேட்டாள். அப்படியேதான் என்றேன். கோழியாக இருந்தால் இந்நேரம் கொத்தி ஓட்டை எடுத்துவிட்டிருக்கும், நீங்க லேசா நகத்தால கீறி விடுங்க என்றாள். அது உள்ளே ஓய்வெடுக்கிறது, தோலில் ஓடும் ரத்தத்தையும் மிச்ச மஞ்சள் கருவையும் இன்னும் உடம்புக்குள் இழுத்து முடிக்கவில்லை, இப்போது உரித்தால் ரத்தம் வடிந்தே போய்விடும் என்று படித்ததையெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே இளப்பமாகக் கேட்டது. அவள் எத்தனை நூறு குஞ்சு பார்த்தவள், நான் எத்தனை பார்த்தேன், செத்தது ஒரு பெட்டி. அவள் உள்ளே வந்தாள், குக்கரைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள், கை மூடியின் மேல் வந்தது. என் கை எப்போது தொடைக்கு அடியிலிருந்து வந்தது என்று தெரியவில்லை, மூடியை அமுக்கிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்று சொல்லி நான் குறுக்கே கை வைத்ததில்லை, எங்கள் இரண்டு பேருக்குமே அது புதுசு.

"தொடாத குருவு. தெறந்தா செத்துரும்."

"தெறக்காட்டியும் செத்துரும்ல."

என் கை மூடியை விடவில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. தெறந்தா செத்துரும், தெறக்காட்டியும் செத்துரும்ல. இரண்டுமே நியாயமாகத்தான் இருக்கிறது. அவள் சொன்னதில் கடைசியில் ஒரு 'ல' கூடுதல், அந்த 'ல'வில்தான் எல்லாம் இருக்கிறது, கேள்வி மாதிரியும் இருக்கிறது, முடிவு மாதிரியும் இருக்கிறது. ஒருவேளை ஏற்கனவே செத்துவிட்டதோ. செத்த முட்டைக்கு எழுபது ஈரம் காத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேனோ. மூச்சு விடுகிறதா, அந்தத் தெறிப்புக்குள் ஏதாவது அசைகிறதா, இல்லை, என் கண்தான் துடிக்கிறது. போன தடவையும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், பெருமையோடு, அவை உள்ளே தாகத்தில் முட்டிக்கொண்டிருந்தபோது நான் மீட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காய்ந்ததற்கு இன்றைக்குப் பழி வாங்குகிற மாதிரி நனைத்துவிட்டேனோ, அளவு மிஞ்சிவிட்டதோ, உள்ளே மூழ்கிக் கிடக்கிறதோ. நகத்தால் லேசாக என்றாள். லேசாக. என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன், மருந்து ஏறிக் கறுத்துத் தடித்த நகம், அதற்கு லேசாக என்றால் என்னவென்று தெரியாது. திறக்கக் கூடாது. அடுப்படியில் ரசம் தாளிக்கிற வாசனை வந்தது, பசிக்கக்கூடச் செய்தது, வெட்கமில்லாத வயிறு.

அப்போதுதான் காற்று வந்தது. ஆடிக்காற்று எங்கள் ஊரில் சொல்லிக்கொண்டு வராது, புழுதியை அள்ளிக்கொண்டு வரும், அடுப்பு வாய் மாதிரிச் சுடும், ஒரு சொட்டு ஈரம் அதில் இருக்காது. இந்தக் காற்றை நம்பித்தான் இந்த ஊரில் தீப்பெட்டியே செய்தார்கள். மேலே இருந்த சின்ன ஜன்னல் படாரென்று திறந்துகொண்டது, கண்ணெல்லாம் மண். துடைத்துக்கொண்டு மீட்டரைப் பார்க்கிறேன், எழுபது அறுபத்தைந்தாகி இருக்கிறது. மூச்சு விடுவதற்காகப் பெட்டியில் போட்டிருந்த துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது. அறுபத்திரண்டு. கண்ணாடியில் பூத்திருந்தது ஓரத்திலிருந்து காயத் தொடங்கிவிட்டது, வாழ்நாளெல்லாம் நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி, கண்ணாடி தெளிகிறது, தெளியாதே என்கிறேன். எழுந்தேன், கால் மரத்திருந்தது, குக்கர் மேலேயே விழுந்தேன், முழங்கைத் தோல் பெயர்ந்தது, எழுந்து பாத்திரங்களைக் கொட்டிவிட்டுச் சாக்கை உருவி ஜன்னலில் வைத்து இடுக்கெல்லாம் திணித்தேன். சாக்கைத் திணிக்கத் தெரிந்த கை இது, அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஐம்பத்தெட்டு. தண்ணீரைத் திறந்துவிடுகிற ட்யூபின் சக்கரத்தை உருட்டினேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. நடுவில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு தடவை உருட்டினேன், சுண்டினேன், இறங்கவில்லை. ஐம்பத்தாறு. மூடியைத் திறந்து நேராக ஊற்றிவிடலாம், ஒரே நிமிஷம், உள்ளே இருந்தவன் வேறு குரலில் கத்தினான், ஊற்று ஊற்று என்று, எந்தக் குரலில் வந்தாலும் அவன் கேட்பது மூடியைத்தான். கேட்கமாட்டேன் போடா. ட்யூபைத் துளையிலிருந்து உருவி வாயில் வைத்து உறிஞ்சினேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, கன்னம் ஒட்ட உறிஞ்சினேன், வெதுவெதுவென்று வாய் நிறையத் தண்ணீர் வந்தது, துப்பக்கூட நேரமில்லை, விழுங்கிவிட்டு மறுபடி செருகினேன். சொட்டியது. பனியன் துணி குடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு. ஏறு. ஐம்பத்தெட்டு. ஏறு ராசா, ஏறு. இறங்கு இறங்கு என்று காயவைக்கிற அறையில் நின்று வேண்டிக்கொண்டவன் நான்தான், இப்போது ஏறு என்று கையெடுத்துக் கும்பிடுகிறேன். அறுபத்துமூன்று. அறுபத்தெட்டு. கண்ணாடியின் நடுவில் ஒரு மங்கல் தொடங்கிப் பரவியது. நமுத்துப் போ, நல்லா நமுத்துப் போ என்று வாய்விட்டே சொன்னேன். எழுபத்தொன்று. தரையில் சிதறிக் கிடந்த பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

டிக் என்று ஒரு சத்தம். பாத்திரம்தான் உருள்கிறது என்று நினைத்தேன். மறுபடியும் டிக். தெளிச்சல் இருந்த ஓரத்தில் கண்ணை வைத்தேன், தெறிப்பு கம்பரிசியாக இல்லை, நீண்டிருக்கிறது. உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு முனை வந்து ஓட்டைத் தள்ளியது, நின்றது, மூச்சு வாங்கியது, மறுபடி தள்ளியது. ஓய்வெடுக்கத்தான் செய்திருக்கிறது, சொன்னேனே, ஓய்வுதான் என்று சொன்னேனே. இப்போது அதற்கு அவசரம் வந்துவிட்டது. ஒரே இடத்தில் குத்தாமல் முட்டையின் சுற்றளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பிக் கோடு கிழிக்கிறது, டப்பா மூடியை வெட்டி எடுக்கிற மாதிரி. அது திரும்புகிறதே, அதுதான் எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது, தலையைத் திருப்ப உள்ளே இடம் இருக்கிறது, தோல் ஒட்டவில்லை, நனைந்து தொளதொளவென்று வழிவிடுகிறது. முக்கால் சுற்று வந்து நின்றுவிட்டது. நானும் மூச்சை நிறுத்தினேன். தள்ளு என்று சொல்லக்கூடப் பயமாக இருந்தது, இதுவரைக்கும் நான் பேசாமல் இருந்ததால்தான் நடக்கிறதோ என்னவோ. அப்புறம் அகன்ற பக்கம் மூடிபோலத் தூக்கியது, ஒரு கால் வந்தது, சளசளவென்று நனைந்த ஒன்று தட்டில் விழுந்து கிடந்தது, பார்க்கச் சகிக்காமல், கழுத்தில் ஒரு மயிர் இல்லாமல், சிவப்பாக. கீ என்றது. வந்துட்டான், வந்துட்டான் என்று யாரோ கத்துகிறார்கள், நான்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, இருக்கட்டும், இன்றைக்கு ஈரத்துக்கு இந்த வீட்டில் தடையில்லை. நான் செய்தேன். என் கையால், என் பெட்டியில், நான் காத்த ஈரத்தில். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், முதலாளியும் சேர்ந்து சிரிக்கட்டும், குச்சி காயவைத்ததில் எந்த நாளும் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை.

கத்தியது கேட்டுக் குருவம்மாள் கரண்டியோடு வந்தாள். கொட்டிக் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தாள், ஜன்னலில் திணித்த சாக்கைப் பார்த்தாள். நகர்ந்து இடம் விட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த விரலகலத் தெளிச்சலில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. கழுத்தப் பாத்தீகளா என்றாள், அப்படியே அவ கழுத்து என்றாள். பக்கத்து முட்டை ஒன்று ஆடியது, அதிலும் ஒரு தெறிப்பு, தட்டின் மூலையில் இன்னொன்றில் இரண்டு. முதல் குஞ்சு தட்டுத் தடுமாறிப் போய் அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு கத்தியது, உள்ளேயிருந்து ஒன்று பதில் கத்தியது. குருவம்மாளின் கை மூடிப்பக்கம் வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அவளே நிறுத்தி, என் பக்கம் திரும்பி, "எப்பத் தெறக்கலாம்?" என்று கேட்டாள். கோழி விஷயத்தில் அவள் என்னிடம் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை. எல்லாம் வந்து மயிர் காயட்டும், நாளைக்குத் திறக்கலாம், அதுவரைக்கும் அதுகளுக்கு வயிற்றுக்குள் சாப்பாடு இருக்கிறது என்றேன், குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன். தலையாட்டினாள். சோற்றை இங்கேயே கொண்டுவந்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒருத்தர் கண்ணை வைக்க ஒருத்தர் சாப்பிட, அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது, ஒவ்வொன்றுக்கும் அவள் கழுத்தைத்தான் பார்த்தாள். ஒன்று மட்டும் மயிர்க் கழுத்தோடு வந்தது, அது சேவல் வீட்டுச் சாயல் போலிருக்கிறது, பரவாயில்லை என்றாள்.

வெயில் சாய்கிற நேரம் பெட்டிக்குள் ஒரு சந்தையே கூடிவிட்டது. அந்தக் கத்தல் தெருவரைக்கும் போயிருக்க வேண்டும், வாசலில் முத்துக்கனியின் குரல் கேட்டது, மயினி, குஞ்சு சத்தம் மாதிரி இருக்கு, ஒங்க வீட்டுலதான் அடைக்கோழியே இல்லையே, எந்தக் கோழி அடை கெடந்துச்சு என்று. குருவம்மாள் இன்னும் கை கழுவக்கூட இல்லை, எச்சில் காய்ந்த கையோடு எழுந்து வாசலுக்குப் போனாள். தெருவே கேட்கட்டும் என்றுதான் அந்தக் குரலில் சொன்னாள், வேறு எதற்கு அவ்வளவு சத்தம். "எங்க வீட்டு மனுசருதான் அடை கெடந்து பொரிச்சாரு. வா, வந்து பாரு. பெட்டி மூடியில மட்டும் கைய வச்ச, கை இருக்காது."